மாத்திரைக்குக் கால் கிடையாது வே

வாரும் மாப்ளே, வாரும். இப்படித் திண்ணையில உக்காரும். செருப்பக் கழத்தவேண்டாம், ஏன்னு பொறவு சொல்லுதேன். பஸ்ஸு வந்து முக்கா மணி நேரம் ஆச்சு. பஸ் ஸ்டாப்புக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல ரெண்டே தெரு. நீரு என்னடான்னா பாத்திரக்கடை வாசல்ல நின்னு ஈயச்சொம்பு பாத்தீராம், உரக்கடையில நின்னு யூரியா மூட்டையில அச்சடிச்சிருந்ததப் படிச்சீராம், சலூன் கண்ணாடியில தலை சீவினீராம். தாலுகா ஆபீசுல காலமெல்லாம் குப்பை கொட்டின மனுஷன் யூரியா மூட்டையில என்ன வே படிக்கீரு? சீவுறதுக்குத் தலையில என்ன வே மிச்சம் இருக்கு? எல்லாம் எனக்குச் சேதி வந்துட்டு.

கெண்டைக்கால் புடிச்சு இழுக்கு, அதான? நின்னா ரெண்டு மூணு நிமிஷத்துல விட்டுருது. மறுபடி அதே தூரம் நடந்தா மறுபடி புடிக்கு. உக்காந்திருந்தா ஒண்ணும் இல்ல. இந்த வியாதிக்காரன் எந்த நாட்டுல பொறந்தாலும் கடை வாசல்லதான் நிப்பான். வலிக்குன்னு நடுத்தெருவுல நிக்க வெக்கம், கடை பாக்குத மாதிரி நின்னா கௌரவம். கடைக்காரன் உள்ள கூப்பிட்டாத்தான் சங்கடம். ரெண்டு பேரு இருக்க வீட்டுல இட்லிக் கொப்பரை மூணு இருக்குன்னு என் மக போனுல அழுதா.

இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. இந்த நோவ மொதல்ல கண்டுபிடிச்சது மனுஷன்ட்ட இல்ல, ஒரு குதிரைட்ட. பிரான்சு தேசத்துல பூலேன்னு ஒரு மாட்டு வைத்தியர், 1831-ல ஒரு பெட்டைக் குதிரையப் பாத்து எழுதி வச்சாரு. வண்டியில பூட்டி ஓட்டினா கொஞ்ச தூரத்துல பின்னங்கால் நொண்டும், நிறுத்தி இளைப்பாற விட்டா நல்லாயிரும், ஓட்டினா திரும்ப நொண்டும். தொடைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்குன்னு சொன்னாரு. மனுஷனுக்கும் இதே கதைதான்னு ஷார்க்கோங்கிற பெரிய டாக்டர் சொல்லுறதுக்கு 1858 ஆயிட்டு. குதிரைக்குப் பொறவு இருபத்தேழு வருசம் கழிச்சுத்தான் நம்ம நொண்டிக்கு மரியாதை கெடச்சுது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதேயும். உம்ம மக மருந்தாளுநர் படிப்புப் படிச்சிருக்காள்லா? அப்பா காது குடுக்க மாட்டாருன்னு தெரிஞ்சு, தாத்தாட்ட வந்து பாடம் ஒப்பிச்சுட்டுப் போறா.

நீரு ஒரு வருசமா அதுக்கு என்னெல்லாம் பேரு வச்சீரு! மொதல்ல வாய்வுன்னீரு. பூண்டு உரிச்சே என் மக விரலு வெந்துபோச்சு. பொறவு நரம்புத் தளர்ச்சின்னீரு. மெடிக்கல்ல போயி சட்டையச் சுருட்டிக்கிட்டு சேப்புக் கலர்ல பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டுக்கிட்டீரு. ஊசி போட்டவன் வீட்டுக்கு மாடி எழும்பிட்டு, உம்ம கெண்டைக்கால் அப்படியேதான் இருக்கு. முழங்காலுக்குப் பட்டி வாங்கிப் போட்டீரு. வலி கெண்டையில, பட்டி முழங்கால்ல!

கடைசியில உம்ம மக இழுத்துக்கிட்டு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. அங்க கையில பிரசர் பாத்தாங்க, கணுக்கால்லயும் பிரசர் பாத்தாங்க. கால்ல வந்த கணக்கக் கையில வந்த கணக்கால வகுத்தா ஒண்ணுக்குப் பக்கத்துல வரணும். 0.90-ம் அதுக்குக் கீழயும் வந்தா கால் குழாய்ல அடைப்பு. உமக்கு 0.68. எஸ்.எஸ்.எல்.சி.யில கூட உமக்கு 68 வந்ததில்ல, அதனால சந்தோஷப்பட்டீரோ என்னவோ. இன்னொண்ணும் பேத்தி சொன்னா. சீனி வியாதி ரொம்ப நாளா இருந்தா குழாய்ச் சுவத்துல சுண்ணாம்பு படிஞ்சு இறுகிரும். அப்ப அந்தக் கணக்கு 1.40-க்கு மேல கூடப் போயி, எல்லாம் நல்லாருக்குன்னு ஏமாத்திரும். அதனால வேற சோதனையும் பாக்கணுமாம். உமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, கணக்கு நேராவே காட்டிக் குடுத்துட்டு.

இந்த எடத்துல நான் வாய்க்கால், மடை, பாசின்னு ஆரம்பிப்பேன்னு நெனச்சீருல்லா? மாட்டேன். வேட்டி கட்டினவனக் கண்டாலே டாக்டருமாரெல்லாம் வாய்க்கால்லதான் ஆரம்பிக்காங்க. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துட்டு. கொழுப்பும் சுண்ணாம்பும் சேந்து குழாய்க்குள்ள தடிச்சுப் போயிருக்கு. சும்மா இருக்கப்ப வாற ரத்தம் கெண்டைச் சதைக்குப் போதும். நடந்தா சதை கூடக் கேக்கும், அடைப்பு விடாது. சதை கத்தும். அவ்வளவுதான் விசயம்.

சரி, அந்தப் பையப் பிரியும், பாப்போம். மூணு மாத்திரை அட்டை. நெனச்சேன்! ஒரு அட்டையில பாதி காலி, மத்த ரெண்டும் பிரிக்கவே இல்ல. காலியான அட்டை எதுன்னு நான் பாக்காமலே சொல்லுதேன், சிலோஸ்டசால். நல்ல தேர்வு மாப்ளே! அதப் போட்டா கொஞ்ச தூரம் கூட நடக்க முடியுதுல்லா? ரத்தக்குழாயக் கொஞ்சம் விரிச்சுக் குடுக்கும், ரத்தத்துல இருக்க தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமப் பாத்துக்கும். ஜப்பான்காரன் கண்டுபிடிச்சது. அங்க 1988-ல வந்துட்டு, அமெரிக்காவுல 1999-ல அனுமதி குடுத்தாங்க. கடை வாசல்ல நிக்காம வீடு வந்து சேர உதவுற மாத்திரை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா உசுரக் காப்பாத்தும்னு அத யாரும் நிரூபிச்சதில்ல வே. தூரத்தக் கூட்டும், ஆயுசக் கூட்டும்னு சொல்ல முடியாது.

பிரிக்காத ரெண்டு அட்டை இருக்கு பாத்தீரா? க்ளோபிடோகிரல் 75 மில்லி ஒண்ணு, அட்டோர்வாஸ்டாட்டின் ஒண்ணு. இதப் போட்டா உமக்கு ஒண்ணுமே தெரியாது. வலி குறையாது, நடை கூடாது, ஒரு சுகமும் கிடையாது. அதனால காசு தண்டம்னு வச்சிட்டீரு. ரொம்பச் சரி! வலியத்தான பாக்கணும், உசுரு கிடக்கு! கால் குழாய் அடைச்சவனுக்கு நெஞ்சுக் குழாயும் தலைக்குப் போற குழாயும் மட்டும் பளபளன்னு இருக்குமா? எல்லாம் ஒரே ரத்தம், ஒரே கொழுப்பு. இந்த நோவுல கால் போறவன விட மாரடைப்பிலயும் பக்கவாதத்துலயும் போறவன்தான் அதிகம். கெண்டைக்கால் வலி முன்கூட்டியே வந்த நோட்டீசு. தாலுகா ஆபீசுல நீரு எத்தன பேருக்கு நோட்டீசு அனுப்பினீரு, ஒருத்தனாவது வந்தானா? அதே புத்திதான் உமக்கும்.

1996-ல 19,000 பேருக்கு மேல வச்சு ஒரு பெரிய சோதனை செஞ்சு, ஆஸ்பிரினையும் க்ளோபிடோகிரலையும் எதிரெதிர நிறுத்திப் பாத்தாங்க. மொத்தத்துல க்ளோபிடோகிரல் கொஞ்சம் மேல. அதுலயும் கால் குழாய் அடைச்சவங்களுக்குத்தான் பலன் கூடத் தெரிஞ்சுது. அந்த மாத்திரையத்தான் நீரு அட்டை கலையாமப் பூசை அறையில வச்சிருந்தீராம். சாமிக்கு ரத்த ஓட்டம் நல்லாத்தான் இருக்கு வே, நீரு எடுத்துப் போடும்.

அட்டோர்வாஸ்டாட்டினுக்கு நீரு சொன்ன காரணமும் காதுக்கு வந்துச்சு. ‘எனக்குக் கொலஸ்ட்ரால் நார்மல், எதுக்கு மாத்திரை?’ன்னீராம். கால் குழாய் அடைப்பு வந்தவனுக்குக் கொலஸ்ட்ரால் கணக்கு எவ்வளவுன்னு பாத்துக் குடுக்குத மாத்திரை இல்ல அது. அடைப்பு வந்துட்டு, அதனால குடுக்காங்க. உள்ள படிஞ்ச கொழுப்பு வெடிச்சுக் கட்டி தட்டாம அமத்தி வைக்கும். அதப் போட்ட பொறவு உடம்பெல்லாம் சதை வலி வந்தா மட்டும் டாக்டர்ட்ட சொல்லும். நீராவே நிறுத்தாதேயும். நீரு நிறுத்துனா, நிறுத்தினேன்னு அவருட்ட சொல்லவும் மாட்டீரு.

சரி, போடுற ஒரு மாத்திரையையாவது ஒழுங்காப் போடுதீரான்னு பாத்தா, அதுலயும் உம்ம கைவரிசை இருக்கு. சிலோஸ்டசால வெறும் வயித்துல போடணும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முந்தி, இல்லன்னா சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு. நீரு நெய்த்தோசை நாலு உள்ள தள்ளிட்டு அது மேலயே போட்டா, கொழுப்போட சேந்து மருந்து ஒரேயடியா ரத்தத்துல ஏறும். அப்ப தலைவலி, படபடப்பு, வயித்தால போறது எல்லாம் கூடும். ‘மாத்திரை சூடு’ன்னு ஊரெல்லாம் சொன்னீரே, சூடு நெய்யில இருந்துருக்கும்.

இதக் கேளும், உமக்குப் புடிச்ச கணக்கு. புகை பிடிக்கவன் உடம்புல அந்த சிலோஸ்டசால் ஏறுற அளவு அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிருதாம், மருந்துக் கம்பெனிச் சீட்டுலயே போட்டிருக்கு. நூறு ரூவாய்க்கு மாத்திரை வாங்கி இருவது ரூவாயப் பத்தவச்சு ஊதுதீரு. அந்த சிகரெட்டுக்குக் குடுத்த காசு தனி. ரெண்டு கையாலயும் செலவு பண்ணுற இந்தத் தாராளம் வேற யாருக்கு வரும்! நீரு நிறுத்திரக் கூடாது மாப்ளே. நீரு நிறுத்திட்டா முக்கூடல் பக்கமும் மேலப்பாளையத்துலயும் பீடி சுத்துற பொம்பளைக வயித்துல அடிச்ச பாவம் வந்துருமே! நீரு பில்டர் சிகரெட்டுதான் குடிக்கீருங்கிறது வேற சங்கதி. கவலைக்கு எந்தக் கம்பெனியா இருந்தா என்ன.

நம்ம கீழத்தெருவுல ஒரு பையன் இருந்தான், முப்பத்தஞ்சு வயசு. சீனி கிடையாது, கொலஸ்ட்ரால் கிடையாது, ஒரு நாளைக்கு ரெண்டு கட்டுப் பீடி. கால் விரலு கறுத்துப்போயி ஒவ்வொண்ணாப் போச்சு. அது வேற ஜாதி அடைப்பு. நியூயார்க்குல லியோ பர்கர்னு ஒரு டாக்டர் 1908-ல விவரமா எழுதி வச்சாரு, அவரு பேராலதான் அத சொல்லுதாங்க. அதுக்கு எந்த மாத்திரையும் பீடிய நிறுத்துறதுக்கு ஈடு கிடையாது. நிறுத்தினவனுக்கு அநேகமாக் கால் தப்பிக்கும். நிறுத்தாதவனுக்கு விரல்ல ஆரம்பிச்சு மேல மேல வெட்டிக்கிட்டே வரணும். ஒண்ணு ரெண்டுன்னு குறைக்கிறதெல்லாம் அதுட்ட செல்லாது. அந்தப் பையன் பீடியக் கடைசி வரைக்கும் விடல. அதப் பத்தி நையாண்டி பேச எனக்கு வாய் வராது. விடும்.

இன்னொரு திருட்டுத்தனமும் தெரியும். வயிறு உப்புசம்னு மெடிக்கல்ல நீராவே கேட்டு வாங்குதீரே, கேஸ் மாத்திரை, ஒமெப்ரசோல்? ஊருல பாதிப் பேரு பொரிகடலை மாதிரி அதக் கொறிக்கான். அது இந்த ரெண்டு மாத்திரையோடயும் மல்லுக்கு நிக்கும் வே. சிலோஸ்டசால் கூடுதலா வேலை செய்ய வைக்கும், அதனாலதான் கூடச் சேத்தா டாக்டரு அளவ 50 மில்லியாப் பாதியாக்குவாரு. க்ளோபிடோகிரல் ஈரல்ல போயி மாறினாத்தான் வேலை செய்யும், அந்த மாத்தத்தையும் இது தடுக்கும். ஒண்ணத் தூக்கிவிடும், ஒண்ண அமுக்கும். வயித்துக்கு மாத்திரை வேணும்னா டாக்டர்ட்டயே கேளும், தோதா வேற எழுதுவாரு. முட்டுவலின்னு டைக்ளோபினாக்கு வாங்கிப் போடுறதும் அப்படித்தான். ரத்தம் உறையாம இருக்க மருந்தோட வலி மாத்திரையும் சேந்தா வயித்துக்குள்ள புண்ணாகி ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கறுப்பாப் போனா வெக்கப்படாம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பல்லு பிடுங்கப் போனாலும் இந்த மாத்திரை போடுதேன்னு மொதல்லயே சொல்லிரணும்.

நெஞ்சு பலவீனம், அதான் இதயம் ரத்தத்த இறைக்குத தெம்பு குறைஞ்சவங்க, சிலோஸ்டசால் பக்கமே போகக் கூடாது. இது முக்கியம். ஏன் சொல்லுதேன்னா, உம்ம அட்டையப் பாத்துட்டு அடுத்த வீட்டு வாத்தியாரும் அதே கலர் மாத்திரை கேட்டு வாங்கப் போயிருக்காரு. அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுக்கு வைத்தியம் நடக்கு. நல்லவேளை, மெடிக்கல்காரன் சீட்டு கேட்டான். நீரு தாராள மனசுல அட்டையக் கிழிச்சு அஞ்சு மாத்திரை குடுத்தனுப்பினீருன்னா, பொறவு சாவு வீட்டுல சொம்பு தூக்க வேண்டியதிருக்கும்.

பழைய சீட்டுல பென்டாக்ஸிபிலின்னு ஒண்ணு இருக்கு பாத்தீரா? 400 மில்லி, சாப்பாட்டோட மூணு வேளை. ரத்த அணுவ நெளிய வச்சு ரத்தத்த இளக்கும்னு சொல்லி ஒரு காலத்துல எல்லாருக்கும் எழுதுனாங்க. நடைவலிக்குப் பலன் இல்லன்னு 2016-லயே அமெரிக்க டாக்டருங்க வழிகாட்டியில போட்டுட்டாங்க. அதத் தேடி நீரு இன்னும் கடை கடையா ஏறி இறங்குதீரு. பழைய கடன மறக்குற மனுஷனுக்குப் பழைய மாத்திரை மட்டும் எப்படி ஞாபகம் இருக்கோ!

உம்ம தங்கச்சி ஊட்டியில இருக்காளே, குளிருல விரலு வெள்ளையாப் போயி, நீலமாகி, பொறவு செவக்குன்னு சொன்னா. அது உம்ம வியாதி இல்ல. அங்க குழாய் அடைக்கல, குளிருக்குச் சுருங்குது. அதுக்கு நிபெடிபின் மாதிரி வேற மாத்திரை. உம்ம அட்டைய அவளுக்குப் பார்சல் அனுப்பாதேயும்.

இப்ப செருப்புக் கதைக்கு வாரேன். திண்ணையில செருப்போட உக்காரச் சொன்னத உம்ம அத்தை பாத்தா என்னத் தொலைச்சிருவா. ஆனாலும் சொல்லுதேன். சீனியும் இருந்து, ரத்த ஓட்டமும் குறைஞ்ச காலுக்குக் குத்துனா தெரியாது, சுட்டாலும் தெரியாது. நெல்லையப்பர் கோயில் பிரகாரத்துல சித்திரை வெயில்ல சுத்தி வந்து பாதம் கொப்புளிச்சதே, எப்பத் தெரிஞ்சுது உமக்கு? மறுநா காலையில. பாதம் ஜில்லுன்னு இருக்குன்னு வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொன்னது யாரு? அதுவும் வேண்டாம், தணல் காட்டுறதும் வேண்டாம். ஆணிக்கால பிளேடு வச்சு நீரே செதுக்குறது ரொம்பக் கெட்டிக்காரத்தனம், செதுக்கின எடம் ஆற ரத்தம் வேணும், அதத்தான் நீரு வச்சுக்கலையே! எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடும். ராத்திரி படுக்கப் போறப்ப பாதத்தக் கண்ணாடி வச்சுப் பாரும். சலூன் கண்ணாடிக்குக் கொஞ்சம் ஓய்வு குடும்.

திடீர்னு ஒரு கால் மட்டும் வெளுத்து, ஜில்லிட்டு, தாங்க முடியாத வலி வந்து, அசைக்க முடியாமப் போச்சுன்னா காலைல பாத்துக்கலாம்னு படுக்கக் கூடாது. மணிக்கணக்குதான் தவணை, ஆறு மணி நேரம் தாண்டினா சதை சாக ஆரம்பிச்சிரும். உக்காந்திருக்கப்பவே வலிச்சாலும், புண்ணு ஆறாம நின்னாலும் மாத்திரைக் காலம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். அதுக்குப் பலூன் வச்சு விரிக்கணும், இல்லன்னா வேற குழாய் போட்டு ஒட்டணும். சென்னைப் பெரியாஸ்பத்திரியில அதுக்குன்னே தனித் துறை இருக்கு.

உமக்கு இன்னும் அவ்வளவு போகல. உமக்கு எழுதிக் குடுத்ததுலயே மலிவான மருந்து ஒண்ணு சீட்டுல கடைசி வரியில இருக்கு. அத மட்டும் மெடிக்கல்ல கேக்காம வந்துட்டீரு. ‘நடை.’ வலிக்குதுன்னா நிக்கச் சொல்லியிருக்கும்னு நெனச்சீரா? வலிக்கத் தொடங்கி நல்லா வலிக்கிற வரைக்கும் நடக்கணும், நின்னு வலி விட்ட பொறவு திரும்ப நடக்கணும். நின்ன நேரத்தையும் சேத்து ஒரு தடவைக்கு முப்பது நாப்பத்தஞ்சு நிமிஷம், வாரத்துக்கு மூணு நாளாவது, குறைஞ்சது பன்னெண்டு வாரம். சதை இருக்க ரத்தத்த வச்சே குடித்தனம் பண்ணப் பழகிரும், சின்னச் சின்னக் குழாயும் கை குடுக்கும். மாத்திரை தார பலனுக்கு நடை ஒண்ணும் குறைஞ்சதில்ல, ரெண்டும் சேந்தா இன்னும் நல்லது. நீரு கார் எடுத்துக்கிட்டு வ.உ.சி. மைதானத்துக்குப் போயி, மதில்ல உக்காந்து, நடக்கவங்களப் பாத்து மார்க்குப் போட்டுட்டு, கடலை தின்னுட்டு வாரீராமே? அதுவும் உடற்பயிற்சிதான், தாடைக்கு.

மூணு மாசம் ஒழுங்காப் போட்டும், ஒழுங்கா நடந்தும் சிலோஸ்டசால்ல ஒரு முன்னேத்தமும் தெரியலன்னா டாக்டரே நிறுத்திருவாரு. ஆனா மத்த ரெண்டையும் நிறுத்த மாட்டாரு. நீரு தலைகீழாத்தான் செய்வீருன்னு தெரிஞ்சு இதத் திரும்பவும் சொல்லுதேன்.

சரி, உம்ம அத்தை அடுப்படியில இடியாப்பம் புழிஞ்சுக்கிட்டு இருக்கா. எல வைக்க இன்னும் அரை மணி நேரம் ஆகும். ராத்திரி சிலோஸ்டசாலுக்கு இதுதான் நேரம். இந்தாரும் தண்ணி. அந்த ரெண்டு அட்டையையும் இங்கயே என் கண்ணு முன்னால பிரியும், சாப்பிட்ட பொறவு ஒண்ணொண்ணு எடுத்துப் போடும். தேங்காப்பாலுக்கு உமக்குச் சீனி கிடையாது, அத்தைட்ட கண்ணக் காட்டாதேயும், அவளுக்கும் சொல்லியாச்சு. இப்பத் தெருக்கோடி அரசமரம் வரைக்கும் நடந்துட்டு வாரும். வலிச்சா நில்லும், விட்டா நடயும். சிகரெட்டு பாக்கெட்ட இங்கன வச்சிட்டுப் போம்.

அது இல்ல வே. பனியனுக்குள்ள இருக்கே, அந்தப் பாக்கெட்டு.